ரிஜெக்ட் அண்ணன் வாங்கித் தந்த சைக்கிள்

கடவுளே இறங்கி வந்து ஓரகடத்தில் உற்பத்தி லைனில் நின்றாலும், ரிஜெக்ட் அண்ணன் அவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "ஃபினிஷிங் சரியில்ல" என்று ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவார்.

கார் பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை அவருடையது. இயற்பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. சின்னக் குறையுள்ள பாகத்தை, 'பரவாயில்லை, போகட்டும்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப அங்கே ஒரு வழி உண்டு. அதற்கு டீவியேஷன் என்று பெயர். மேனேஜரே கெஞ்சியும் அண்ணன் அதில் ஒருமுறைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை. பென்னலூரில் நாங்கள் எட்டுப் பேர் குடியிருந்த மாடி வீட்டிலும் இதே கதைதான். இட்லி ரிஜெக்ட், சாம்பார் ரிஜெக்ட், பார்க்கப் போன பெண்ணும் ரிஜெக்ட். பெண் வீட்டார் அவருக்கு முன்பே முந்திக்கொண்டது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவரிடம் என் முழங்கால் மாட்டியது. லாரிக்கு ஒதுங்கப் போய் பைக்கோடு விழுந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. கால் முழுதாக மடங்கினால்தான் மறுபடி லைனில் நிற்கலாம் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். பிசியோதெரபி அம்மா, நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்கச் சொன்னார். நீ போனால் ஏமாந்துவிடுவாய், நான் பார்த்து வாங்கித் தருகிறேன் என்றார் அண்ணன்.

ஸ்ரீபெரும்புதூர் கடைக்கு, மயிரிழையையும் அளக்கும் வெர்னியரோடு வந்தார். வீட்டு உபயோகத்துக்கான சைக்கிளின் பெடலை அளந்தார், காதை வைத்துக் கேட்டார், சீட்டைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. அவர் பிடித்து ஆட்டினால் பஸ் ஸ்டாண்டே ஆடும். அடுத்த வாரம் வேறு கடை, அதற்கடுத்த வாரம் தாம்பரம். அதற்குள் என் கால் துருப்பிடித்த கேட் மாதிரி இறுகிக்கொண்டு வந்தது. ஏதாவது ஒன்றை வாங்கிவிடலாம் என்று கெஞ்சினேன். கடைக்காரரும் பொறுமையிழந்து, வீட்டில் ஒருவர் அரை மணி மிதிக்க இது தாராளம், ஜிம் சைக்கிள்தான் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வூடுன்னா ராத்திரில எல்லாரும் தூங்குற வூடு சார். எங்க வூட்ல மூணு ஷிஃப்டு ஓடுது. ஒரே பாய்ல ஆள் மாத்தி ஆள் படுத்துக்கினு கீறோம். பாயே தாங்கல, இது இன்னாத்த தாங்கும்?" என்றார் அண்ணன்.

மறுக்க முடியாத நியாயம். என் தலைவிதி, அவர் பேச்சில் எப்போதும் நியாயம் இருக்கும். கடைசியில் மணிமங்கலத்தில் மூடப்போகிற ஜிம் ஒன்றில், புதிதாக ஒரு வீட்டு உபயோக சைக்கிள் வாங்கும் விலைக்கே பழைய ஜிம் சைக்கிள் கிடைத்தது. அண்ணன் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. குறை இன்னும் தெரியவில்லை, வண்டியில் ஏற்றுங்கள் என்றார்.

குறை வீட்டு வாசலில் தெரிந்தது. பெடலை அளந்த மனிதர், எங்கள் மாடிப்படி திரும்பும் இடத்தை அளக்கவில்லை. சைக்கிள் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் பாதிப் படியில் சிக்கிக்கொண்டது. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் அதன்மேல் ஏறித் தாண்டிப் போனார்கள். ஒருவழியாக இறக்கி, படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் வைத்தோம். படி ஏறவே கூடாத நான், காலைக் குணப்படுத்துவதற்காகத் தினமும் மாடிப்படி ஏறி இறங்கினேன். போய்ச் சேர்ந்தால் ஷிஃப்ட் முடித்தவன் எவனாவது மிதித்துக்கொண்டிருப்பான். அவன் இறங்கினால் வீட்டுக்கார அம்மாவின் ஈரப் புடவை ஏறிவிடும்.

அண்ணன் யூனிஃபாரம்கூட மாற்றாமல் வந்து, எல்லாரையும் விரட்டி, புடவையை எடுத்துப் போட்டுவிட்டு என்னை ஏற்றுவார். முழங்கால்மேல் கை வைத்து அதிர்வு பார்ப்பார். சத்தம் வருகிறது, இன்னும் கொஞ்சம் மிதி என்பார். வலியில் நான் திட்டுகிற திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார்.

கம்பெனி டாக்டர் பார்த்த அன்று கால் முக்கால்வாசிதான் மடங்கியது. இனி லைன் கிடையாது, ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் என்றார். வீட்டுக்கு வந்து கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் எதிரே குந்திக்கொண்டு காலை மடக்கச் சொன்னார். மடங்கிய மட்டும் மடங்கி நின்றது. வெர்னியர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"கொறை கீது தம்பி" என்றார். "இருக்கட்டும். டீவியேஷன்ல பாஸ்."

அவர் கையால் அப்படி வெளியே போன ஒரே பீஸ் நான்தான். பழுதென்று திரும்பிப் போய் அவர் பெயரைக் கெடுத்துவிடக் கூடாதே என்று, கொஞ்சம் சாய்ந்தபடி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.