பஞ்சடைத்த சாமியும் சுக்குக் காபியும்

"வெறும் பேச்சுக்கு எதுக்கு பாப்பா ஒரு ஆஸ்பத்திரி?" என்று என் அண்ணி கார்த்திகா ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். காய்ச்சலுக்கு ஊசி உண்டு. எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு உண்டு. பிறந்த பதினோராம் நாள் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு, அண்ணியைப் போல நான்கு மாதமாகத் தூங்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பவளின் எதிரே ஒருத்தி நாற்காலி போட்டு, "சொல்லுங்க" என்றால் எப்படிக் குணமாகும்? என்னோடு படித்த பிளெஸ்ஸி அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறாள். அங்கே பேசியே மனதுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு அம்மா இருப்பதாக அவள்தான் சொன்னாள்.

நாங்கள் விவரமான குடும்பம். ஏமாறுவோமா? சாமியிடம் போனோம்.

அறந்தாங்கியிலிருந்து இரண்டு பஸ் மாறி, அன்னவாசலைத் தாண்டி ஒரு பொட்டல். வியாழன்தோறும் அங்கே ஐந்நூறு பேர். வேன், கார், ஷேர் ஆட்டோ. கழற்றிப் போட்ட செருப்புகளே அரை ஏக்கர். வாசலில் பெரிய பேனர்: 'ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். பார்த்ததும் சொல்வார்.'

மலையாண்டிச் சாமியின் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருக்கும். உலகத்துப் பேச்சு உள்ளே விழக்கூடாதாம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இன்ஜினியர் ஒருவர் விளக்கினார்: "கேட்டுட்டுச் சொன்னா மனுசன். கேக்காமயே சொன்னா சாமி. லாஜிக் புரியுதாம்மா?" புரிந்தது. நான்கு வருடம் படித்து வாங்கிய லாஜிக் அல்லவா?

சாமி முன்பு மைக் செட் வாடகைக்கு விட்டவர். அருள் வந்ததும் தொழிலை விட்டுவிட்டார் என்றார்கள். மைக்கை மட்டும் விடவில்லை.

விடியற்காலையில் டோக்கன் போட்டால் மதியம்தான் முறை வரும். அதுவரை தகரக் கொட்டகையில் இருக்க வேண்டும். அங்கே சின்னப்பிள்ளை என்ற ஒரு அம்மா, கெண்டியில் சுக்குக் காபி கொண்டுவந்து இலவசமாக ஊற்றுவார். "ஏத்தா, மொகம் இப்புடி வாடிக் கெடக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் 'ம்' தவிர வேறு பேச மாட்டார். புத்தி சொல்ல மாட்டார். 'எல்லார் வீட்லயும் உள்ளதுதான்' என்று வாயை அடைக்க மாட்டார். அப்படிக் கேட்கிற ஆளை நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை.

அண்ணனிடம்கூடச் சொல்லாததை அண்ணி அவரிடம் சொன்னாள். பத்தாம் நாள் குழந்தை ஓயாமல் அழுதிருக்கிறது. ஆத்திரத்தில், "சனியனே, வாய மூடு" என்று கத்திவிட்டாள். மறுநாள் குழந்தை இல்லை. சொல்லிவிட்டு அந்த அம்மாவின் தோளில் அரை மணி நேரம் அழுதாள். பிறகு இன்னொரு டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"நீ சொல்லுத்தா" என்று என் பக்கம் திரும்பினார். வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தார், பார்த்தார், "பால் வாங்கிட்டு வாரேன்" என்று கொட்டகைக்குப் பின்னால் போனார். சுக்குக் காபிக்குப் பால் எதற்கு என்று ஐந்நூறு பேரில் யாரும் கேட்கவில்லை.

எங்கள் முறை வந்தது. சாமி கண்ணை மூடினார். மைக்கில் முழங்கினார்: "பெத்த பிள்ளையச் சனியன்னு சொன்ன வாயி இது!"

கூட்டம் 'ஆத்தாடி' என்றது. அண்ணி அப்படியே சரிந்துவிட்டாள். குழந்தையின் ஆவி அவள் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறதாம். மூன்றாம் வியாழன் பன்னிரண்டு சாட்டையடி. அதுவரை புருஷனிடம் போனில் பேசக்கூடாது, பேசினால் குரல் வழியாக அவர்மேல் தாவிவிடுமாம். அண்ணன் இருப்பது துபாயில். எங்கள் ஊரில் வீட்டுக்குள்ளேயே சிக்னல் கிடைக்காது, அந்தப் பேய்க்குக் கடல் தாண்டியும் கிடைக்கிறது.

என்னை வெகுநேரம் பார்த்தார். காதை ஒருமுறை தட்டிக்கொண்டார். "இதுக்கு ஊமைப் பேய். அடுத்த ஆளு!"

திரும்பும் பஸ்ஸில் அண்ணி என் காதருகே குனிந்தாள். "யாருகிட்டயும் சொல்லலையே பாப்பா. அவருக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?"

"காபி அம்மாகிட்ட சொன்னீங்களே அண்ணி."

"அது சொன்னதா? சும்மா பேசிக்கிட்டுல்ல இருந்தோம்."

ஐந்நூறு பேரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சும்மாவில்தான் மலையாண்டி மாடி வீடு கட்டினார்.

அன்று இரவு அண்ணி நன்றாகத் தூங்கினாள். பெயர் சாமி கொடுத்த விபூதிக்குப் போனது.

அதன்பின் அண்ணனின் போன் தினமும் அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், எடுக்க மாட்டாள். தூக்கமும் மறுபடி போயிற்று. எனக்கு வாயால் சொல்ல வராது. நடந்ததையெல்லாம் எழுதி பிளெஸ்ஸியிடம் கொடுத்தேன். மூன்றாம் வியாழன் அவள் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தாள்.

கொட்டகையில் பிளெஸ்ஸி சின்னப்பிள்ளையிடம் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் கதை சொன்னாள். அக்காவோடு ஒரு சேலைக்காகச் சண்டை போட்டாளாம், அன்றைக்கே அக்கா கிணற்றில் விழுந்துவிட்டாளாம். 'ம்... ம்...' அப்புறம், "பால் வாங்கிட்டு வாரேன்."

அண்ணி கூந்தலை அவிழ்த்துவிட்டு, சாட்டைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முந்தின டோக்கன் பிளெஸ்ஸியுடையது.

"கெணத்துல கெடந்து கூப்புடுறா ஒங்க அக்கா! சேலைக்குச் சண்ட போட்டியா இல்லையா?"

"எனக்கு அக்காவே இல்லைங்க சாமி. எங்க வீட்டுக்கு நான் ஒத்தப் பிள்ளை."

"பொய் சொல்லாதடி! இருந்தா, செத்துட்டா!"

"காதுலதான் பஞ்சு இருக்கே. நான் சொன்னது எப்புடிங்க கேட்டுச்சு?"

சாமியின் கை தானாகக் காதுக்குப் போனது. போகாமல் இருந்திருக்கலாம். பஞ்சு நழுவி, அதற்குள்ளிருந்து நீல விளக்கு மின்னும் குட்டிக் கருவி ஒன்று கீழே விழுந்தது. பிளெஸ்ஸி அதை எடுத்து மைக்கின் வாயில் வைத்தாள். நடந்தது தெரியாத சின்னப்பிள்ளையின் குரல் ஸ்பீக்கரில் வந்தது: "அடுத்து பச்சச் சேலை. மருமகளோட ஒத்துப் போகல. வெளங்குதா?"

முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டிய பாட்டியம்மா தன் சேலையைத் தானே பார்த்துக்கொண்டார். சாமி தனக்குப் பின்னாலிருந்த திரைக்குள் போய், பின்பக்கமாக பைக் ஏறிவிட்டார்.

கூட்டம் பிளெஸ்ஸிமேல் பாய்ந்தது. "வேதக்காரப் பிள்ளைக்கு இங்க என்ன வேல?"

"எங்க சர்ச்சுப் பக்கமும் ஒருத்தரு இருக்காருண்ணே, எண்ணெ பாட்டிலோட. அங்கயும் கேள்வி கேட்டேன், வெரட்டிவிட்டாங்க."

அன்றைக்கும் வந்திருந்த இன்ஜினியர் மட்டும் தளரவில்லை. "இன்னைக்குத்தான் மெசின் வச்சிருப்பாரு. போன வாரம் வந்தது நெசமான அருள்."

அண்ணி கூந்தலை முடிந்துகொண்டு பிளெஸ்ஸியிடம் வந்தாள். "அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வந்துச்சே. அது எதுனால?"

"விபூதி தெனம் பூசுனீங்க. பேசுனது ஒரு நாளுதான். நீங்களே யோசிங்கக்கா."

யோசித்தாள். "ஒங்க ஆஸ்பத்திரி அம்மா மொகத்தப் பாத்தே கண்டுபிடிக்குமா?"

"ஒண்ணும் கண்டுபிடிக்காது. நீங்கதான் சொல்லணும்."

"மைக்குல சொல்லிருமா?"

"அந்த ரூமத் தாண்டாதுக்கா. உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் வீட்ல சொல்லுவாங்க. அதையும் மொத நாளே ஒங்ககிட்ட சொல்லிருவாங்க."

"ஒரே தடவையில போயிருமா?"

"போகாது. பல தடவ போகணும். சில பேருக்கு மாத்திரையும் வேணும். ஒத்துவரலைன்னா எந்திரிச்சு வந்துரலாம், சாட்டை கெடையாது."

"அப்ப ஒரு தடவ போய்ப் பாக்குறேன்" என்றாள் அண்ணி. போனை எடுத்து, அங்கேயே நின்று அண்ணனை அழைத்தாள்.

வைத்தியம் பார்க்கிறவரிடம் எத்தனை கேள்வி கேட்கிறோம் பாருங்கள்! கேட்க வேண்டியதுதான். அதில் ஒரே ஒரு கேள்வியை ஐந்நூறு பேரில் யாராவது அந்தப் பொட்டலில் கேட்டிருந்தால், மலையாண்டி இன்றைக்கும் மைக் செட்டைத்தான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பார். மூளை தேய்ந்துபோகும் பொருளல்ல. தாராளமாக எடுத்துப் புழங்கலாம்.

கிளம்பும்போது கொட்டகைக்குப் பின்னால் சின்னப்பிள்ளை கையில் செல்போனோடு நின்றிருந்தார். அண்ணி நேரே அவரிடம் போனாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒங்கள மாதிரி என் பேச்ச யாரும் பொறுமையாக் கேட்டதில்லம்மா. கேட்டதோட விட்டுருக்கலாம்ல?"

சின்னப்பிள்ளை அண்ணியின் முகத்தையே பார்த்தார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பொட்டல் வழியே ரோட்டைப் பார்த்து நடந்துபோனார்.