துருவைச் சமன் செய்த ரவிக்குமார்

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போவதில்லை என்று ரவிக்குமார் உறுதியாக முடிவெடுத்துவிட்டார். முடிவெடுப்பதில் அவர் சூரர். அதை மனைவி ஷோபாவிடம் சொல்வதில்தான் ஒரு மாதமாகச் சின்னத் தயக்கம்.

ஷோபாவின் அண்ணன் கோவிந்தப்பா அத்திபெலேயில் வீடு கட்டியிருந்தார். யார் போனாலும் ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டுவார். தண்ணீர் வருவதைப் பார்த்து வியக்க வேண்டும். விசேஷ நாளென்றால், வியந்து முடித்ததும் சாம்பார் வாளியைக் கையில் கொடுத்து, மாப்பிள்ளை பந்தியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று போய்விடுவார். வாரம் முழுக்கப் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் உழைக்கிற மனிதனுக்கு ஞாயிறு என்றால் ஈஜிபுரா வீட்டு சோபா, டிவியில் கிரிக்கெட், நடுநடுவே தூக்கம். அந்த ஒரு நாளையும் வாளிக்குத் தாரை வார்க்க அவருக்கு மனசில்லை.

தெய்வம் மகள் உருவில் வந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, பத்தாவது படிக்கும் சங்கமித்ரா மூக்கைச் சிந்தினாள். திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி டெஸ்ட்டாம். சமன்பாடுகளைச் சமன் செய்வது மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறதாம்.

ரவிக்குமாருக்குத் தந்தைப் பாசம் பொங்கியது. ஞாயிறு முழுக்கத் தானே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதாக அறிவித்தார். கிரகப்பிரவேசம் கிடக்கிறது, பிள்ளையின் எதிர்காலம்தான் முக்கியம் என்றபோது குரல்கூடத் தழுதழுத்தது.

"உங்களுக்குக் கெமிஸ்ட்ரி தெரியுமாங்க?" என்றாள் ஷோபா.

"முலாம் பூசுற கம்பெனியில பதினஞ்சு வருஷமா இருக்கேன். நாள் பூரா ஆசிட்டோடதான் குடித்தனம்."

உண்மைதான். கேட்டில் நின்று ஆசிட் பீப்பாய்களை எண்ணி உள்ளே விடுகிறவர் அவர்தான். பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது என்பது பீப்பாய்க்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஷோபா சரியென்று தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை. ரவிக்குமார் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டுவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் காபியோடு வந்தாள். கண்ணெதிரே ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் நிம்மதியாக அண்ணன் வீட்டுக்குக் கிளம்புவேன் என்றாள். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து துருவாகும் சமன்பாட்டைச் சங்கமித்ரா எழுதி நீட்டினாள்.

Fe + O₂ → Fe₂O₃

ரவிக்குமார் எண்ணினார். எண்ணுவதுதானே அவர் தொழில். இடது பக்கம் இரும்பு ஒன்று, வலது பக்கம் இரண்டு. ஆக்சிஜன் இங்கே இரண்டு, அங்கே மூன்று. கணக்கு உதைத்தது. ரப்பரை எடுத்தார். வலது பக்க இரும்பின் காலடியில் இருந்த இரண்டை அழித்தார். ஆக்சிஜனின் மூன்றை இரண்டாக்கினார். FeO₂ என்று ஆயிற்று. இரண்டு பக்கமும் அச்சு அசலாகச் சமம்.

"இவ்வளவுதான். இதுக்குப் போயா அழுதே?"

சங்கமித்ரா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணைக் காட்டினாள்.

"அப்பா, அடியில இருக்குற சின்ன நம்பரைத் தொடவே கூடாது. தொட்டா அது துருவே இல்ல, வேற என்னமோ. ஒரு பாக்கெட்டுக்குள்ள எத்தனை பிஸ்கட்டுன்னு கம்பெனிக்காரன் முடிவு பண்ணிட்டான். எத்தனை பாக்கெட்டு வாங்குறோம்ங்கிறதுதான் நம்ம இஷ்டம். அந்த நம்பரை முன்னாடி போடணும்."

சொல்லிக்கொண்டே போட்டாள். ஆக்சிஜன் இங்கே இரண்டிரண்டாக வருகிறது, அங்கே மும்மூன்றாக. இரண்டுக்கும் ஒத்துவருவது ஆறு. ஆகவே இங்கே முன்னால் 3, அங்கே முன்னால் 2. இப்போது அங்கே இரும்பு நான்காகிவிட்டது, அதனால் இங்கேயும் 4.

4Fe + 3O₂ → 2Fe₂O₃

காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டாள்.

"மண்டையில ஏறலைன்னு சொன்னியே?"

"புதன்கிழமையே ஏறிடுச்சுப்பா. அம்மாதான் ஏறலைன்னு சொல்லச் சொன்னாங்க."

ரவிக்குமாருக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்தே வந்தன. எதற்கு இந்த நாடகம் என்று மனைவியைக் கேட்டார். கேட்கும்போதே வலது கை தானாக இடுப்பை நோக்கிக் கிளம்பியது. முகமும் வலியில் சுருங்கத் தயாரானது.

ஷோபா பட்டுப்புடவையைப் பையில் வைத்தபடியே சொன்னாள். "நானா ஒரு சாக்கு எடுத்துக் குடுக்கலைன்னா, நீங்களா ஒண்ணு தேடியிருப்பீங்க. கெமிஸ்ட்ரி தெரியாதுன்னு காட்டிடலாம். இடுப்புவலி இல்லேன்னு நான் எப்படிங்க காட்டுறது?"

பாதி வழியில் இருந்த கை, போனதற்கு லுங்கியை இறுக்கிவிட்டுத் திரும்பியது.