நொய்டா குளிரும் நம் வீட்டுக் கணினியும்

திருப்பூர்,
டிசம்பர் 2005, செவ்வாய்க்கிழமை.

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாதவன் அண்ணனுக்கு, தங்கை சித்ராதேவி எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கணினிக்குத்தான் சுகமில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி இந்த வீட்டில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. அதைப் பிறகு சொல்கிறேன். நடந்தவற்றைக் கூட்டாமல், குறைக்காமல், உண்மையாகப் பதிவு செய்வதென்று பேனாவைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் இருக்கும் இடத்தில்தான் அம்மாவும் இருக்கிறாள். மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால், "அன்புள்ள அண்ணா, நம் கணினி" என்பது வரைக்கும்தான் அது உயிரோடு இருக்கிறது. ஆகவே கூரியர். சனிக்கிழமைக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும். ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் புரியும்.

நீ அனுப்பிய அப்டேட் சிடியிலிருந்து தொடங்குகிறேன். நீ தாளில் எழுதியிருந்தபடியே வரிசை மாறாமல் எல்லாவற்றையும் செய்தேன். நீலக்கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்ததும் கணினி ஒருமுறை அணைந்து எழுந்தது. "அம்மா, இனிமே இது புதுக் கணினி மாதிரி" என்று சொன்னேன். அப்படிச் சொன்னது நான்தான், அதையும் பதிவு செய்கிறேன். அம்மா உடனே, "புதுசாயிருச்சா? அப்ப இதுக்கு ஒரு உறை தைச்சுப் போட்டுறணும். இங்க பறக்குற பஞ்சுக்குப் புதுசு எத்தன நாளைக்குப் புதுசா இருக்கும்?" என்றாள். கீழே வெள்ளியங்கிரி அண்ணனின் தையல் யூனிட் ஓடுவதால் நம் வீட்டில் சோற்றுத் தட்டிலேயே பஞ்சு விழும் என்பது உனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே கணினிப் பெட்டிக்கு உறை தைத்து முடித்துவிட்டாள். பழைய வேட்டியில் இல்லை. அவள் தைக்கப் போகும் கம்பெனியில் குளிர்நாட்டு ஆர்டர் முடிந்து மிஞ்சிய துணி இருந்ததல்லவா, உள்பக்கம் பூனை வயிறு மாதிரி மெத்தென்று இருக்கும் ஸ்வெட்டர் துணி, அதில் தைத்தாள். அதை அவள் எதற்காக வாங்கி வந்தாள் என்பதும் உனக்குத் தெரியும். போன மாதம் போனில் உன் மார்பளவும் கை நீளமும் கேட்டாள். நீ, "இங்க எல்லாரும் கடையில வாங்குன ஜாக்கெட்தாம்மா போடுறாங்க, தைச்சதெல்லாம் வேணாம்" என்று சொன்னாய். அம்மா "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டு, துணியை மடித்து பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். அந்தத் துணிதான் இது. உறையின் நேர்த்தியை நீ பார்க்க வேண்டும். துணி இரண்டு மடிப்பு. அடியில் இறுக்கமாக எலாஸ்டிக். பொத்தானை அழுத்த முன்னால் ஒரு துளை, அதற்குச் சட்டைப் பொத்தான் துளைபோல ஒழுங்காகக் காஜா எடுத்திருக்கிறாள். பின்னால் ஒயர்களுக்கு மட்டும் ஒரு சின்ன வாய். பார்த்தால் குட்டையான ஓர் ஆள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மேசைக்கடியில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

அடுத்த நாளிலிருந்து கணினி அணையத் தொடங்கியது. எச்சரிக்கை எதுவும் கிடையாது. சில சமயம் நீலத்திரை, சில சமயம் வெறும் இருட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை, உனக்கு டைபாய்டு வந்து போனபிறகு முதல்முறையாக கேமராவில் உன்னைப் பார்க்கலாம் என்று அம்மா காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் தேறிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று நீ போனில் எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை. "கொரல் மெலியாதுடி. மூஞ்சிதான் மெலியும். நான் அத ஒருதரம் பாத்துக்கிறேன்" என்பதே அவள் வாதம். நீ திரையில் வந்தாய். கழுத்திலிருந்து தாடை வரை மப்ளர் சுற்றியிருந்தாய். "ஏம்ப்பா, அத எடு. கழுத்தெலும்பு தெரியக்கூடாதுன்னு சுத்தியிருக்கான் பாரு" என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ மப்ளரின் முனையைப் பிடித்தாய். அத்துடன் திரை இருண்டது. அடுத்த ஞாயிறும் ஏறக்குறைய அதே இடத்தில் அணைந்தது. அம்மா மறுநாள் கம்பெனியில் ஒரு கட்டுச் சட்டைகளுக்குக் கையை இடம் வலம் மாற்றித் தைத்துவிட்டு, எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் அப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதற்குப் பிறகு வைத்தியம் தொடங்கியது. அப்பா தையல் மெஷின் மெக்கானிக் அல்லவா, அவர் மெஷினுக்குப் பார்ப்பதுபோலவே இதற்கும் பார்த்தார். "தையல் விட்டுப்போச்சுன்னா மொதல்ல ஊசியப் பாக்கணும், அடுத்து நூலப் பாக்கணும், ரெண்டும் சரின்னா துணியப் பாக்கணும். இதுல ஊசி எது, நூல் எது, சொல்லு" என்றார். ஒயர்தான் நூல் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். எல்லா ஒயரையும் பிடுங்கித் துடைத்து மாட்டினார். துணி எது என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிறகு மெஷின் எண்ணெய்க் குப்பியுடன் வந்தார். நான் கணினியின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் விடப்படவில்லை.

வெள்ளியங்கிரி அண்ணன் மேலே வந்து பார்த்துவிட்டு, அப்பாவிடம், "ஏனுங்க பெரியகருப்பண்ணா, இது எர்த் கோளாறுங்க. என்ற யூனிட்லயும் போன வருசம் இப்படித்தான் ஆச்சு" என்று சொல்லி, எர்த் கம்பி புதைத்த குழியில் கரியும் உப்பும் போட்டு ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினார். அவர் மனைவி பூவாத்தாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏங்கண்ணு, அந்த அப்டேட்டுன்னா என்னது? புதுசா எதையோ உள்ள ஏத்தி உட்டுட்டாரா உங்கொண்ணன்? ஏற்கெனவே இருக்கறது செரிக்கோணுமல்லோ" என்று கேட்டார். நீ போனில், "எல்லாம் என்னாலதான், அந்த சிடியவே நான் அனுப்பியிருக்கக் கூடாது, எடுத்துரு" என்று வருத்தப்பட்டுச் சொன்னாய். எடுத்துவிட்டேன். அப்டேட் போய்விட்டது, அணைவது போகவில்லை. அப்பா மட்டும் இப்போதும் வீட்டில் எதுவாவது விழுந்து உடைந்தால் "அப்டேட்டு ஆயிருச்சு" என்கிறார்.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் கீழே யூனிட்டில் மெஷின்களுக்கு அடிக்கிற ஏர் கன்னால் உள்ளே காற்றடித்தார். ஒரு தலையணைக்குக் காணும் அளவு பஞ்சு வந்தது. மேலே கொண்டுவந்து போட்டதும் நன்றாக ஓடியது. எல்லாரும் சிரித்தோம். அம்மா, "இப்பத்தான் சுத்தமா இருக்கு, மறுபடி தூசி போயிரக்கூடாது" என்று உறையை மாட்டினாள். அவள் கீழே போய்ப் பால் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அணைந்துவிட்டது.

கடைசியாக பிரவுசிங் சென்டர் அருண்குமார் அண்ணன் வந்தார். வீட்டுக்கு ஆள் வந்தால் தலையணை உறையைக்கூட மாற்றுகிற அம்மா, கணினியின் உறையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் இருந்த நேரமெல்லாம் அது ஓடியது. சந்தேகம் தீராமல் தன் கடைக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் பாட்டுப் போட்டு ஓட்டிப் பார்த்தார். ஒருமுறைகூட நிற்கவில்லை. திரும்பக் கொண்டுவந்து, டீ குடித்து, அம்மா அதற்கு உறை மாட்டுவதைப் பார்த்து, "அக்கா, சூப்பரா தெச்சிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். அவருடைய வண்டி தெருமுனை திரும்பியிருக்காது, இங்கே திரை இருண்டது. போன் செய்தேன். நடந்ததை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "பாப்பா, இது கலியாணம் பண்ணிக் குடுத்த புள்ளையாட்டம் இருக்குது. இங்க வந்தா நல்லா இருக்குது, ஊட்டுக்குப் போனா படுத்துக்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். பாவம், அவருக்குத் தன் தொழில்மீதே நம்பிக்கை குறைந்துவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்தது நேற்று. அரையாண்டு விடுமுறை என்பதால் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். மார்கழிக் குளிருக்கு நான் ஒரு சுகம் கண்டுவைத்திருந்தேன். மேசையில் உட்கார்ந்து படிக்கும்போது கால் இரண்டையும் அந்த உறைமேல் ஒட்டி வைத்துக்கொள்வேன். இதமாக இருக்கும். நேற்றும் அப்படி வைத்துக்கொண்டு அறிவியல் புத்தகத்தில் வெப்பம் பாடத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கும் சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது என்று போட்டிருந்தது. அந்த வரியை அடிக்கோடிட்டுவிட்டு என் காலைப் பார்த்தேன். காலைப் பார்த்துவிட்டு அது ஒட்டியிருந்த உறையைப் பார்த்தேன். அப்போது கணினி அணைந்தது.

பள்ளிச் சோதனை போலவே முறைப்படி செய்தேன். உறையைக் கழற்றினேன், மதியம் வரை ஓடியது. மாட்டினேன், நின்றது. ஒருமுறை நடந்தால் தற்செயலாக இருக்கலாம் என்று இன்னொரு முறையும் செய்தேன். முடிவு: அப்டேட் நிரபராதி. நீயும் நிரபராதி. அம்மா உனக்காக வைத்திருந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நம் கணினி வேர்த்து மயங்கி விழுந்துகொண்டிருக்கிறது.

அம்மா வந்ததும் சொல்லிவிடலாம் என்று வாசலிலேயே நின்றேன். அவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். முகம்கூடக் கழுவவில்லை, நேராகப் போய் உறையின் தோள்பக்கம் சுருங்கியிருந்ததை நீவிவிட்டு, "என்னப்பா, சாப்ட்டியா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, அண்ணா. நான் உள்ளே போய் அறிவியல் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இந்த உறையால்தான் உன் முகத்தை இரண்டு ஞாயிறு பார்க்க முடியாமல் போயிற்று என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள் என்று யோசித்துப் பார். அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். சனிக்கிழமை நீ போன் செய். கடை ஜாக்கெட் போதவில்லை, அந்தத் துணி இருக்கிறதா, ஸ்வெட்டர் தைத்து அனுப்ப முடியுமா என்று கேள். அவளே உறையை உருவிவிடுவாள். ஞாயிறு காலை மப்ளர் இல்லாமல் கேமரா முன்னால் உட்கார். உண்மையை மட்டும் எழுதுவதாகச் சொல்லிவிட்டு உன்னைப் பொய் சொல்லச் சொல்கிறேன் என்று உறுத்துகிறது. ஆனால் நொய்டாவில் குளிர்கிறது என்பது பொய்யாக இருக்காது என்று நினைக்கிறேன்.

பெரியவர்களின் ஆசிகளும், வெள்ளியங்கிரி அண்ணன் குடும்பத்தாரின் விசாரிப்புகளும், என் வணக்கமும் உன்னிடம் சேரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் தங்கை
பெ. சித்ராதேவி

பி.கு.: மேலே சொன்ன திட்டத்தை மறந்துவிடு. கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டப் பசை தேடி நிமிர்ந்தேன். கணினி வெறும் உடம்போடு ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா தரையில் உட்கார்ந்து, பிளேடால் உறையின் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். "ஏம்மா?" என்றேன். "நேத்து நீ கழட்டி மாட்டுனதுல தோள்பக்கம் சுருங்கியிருந்துச்சு. நான் மாட்டுனா அப்படிச் சுருங்குமா? சரி, இவ ஏன் கழட்டுனான்னு தொட்டுப் பாத்தேன். சுட்டுச்சு" என்றாள். பிறகு, "அதுக்குத்தான் வேணாங்குதே. அது ஒண்ணும் வாய் தொறந்து சொல்லல, பாவம், மயங்கி விழுந்துதான் சொல்லுச்சு. உங்கண்ணன் சொல்றவன். வேணாம்னா ஸ்வெட்டர் கைக்கு வந்ததுக்கப்புறம் சொல்லட்டும்" என்றாள். அப்பா, "துணியப் பாக்கணும்னு நான் அன்னைக்கே சொல்லல?" என்கிறார். அவரை நிற்க வைத்து, உன்னைவிட எவ்வளவு குட்டை என்று கணக்குப் போட்டு அம்மா அளவெடுத்துவிட்டாள். கை நீளம் மட்டும் சரியாகத் தெரியவில்லையாம், அதைச் சனிக்கிழமை போனில் நீயே சொல்லிவிடு. அப்பாவுக்குக் காலை ஷிப்ட், சீக்கிரம் படுக்க வேண்டும். கணினி இன்னும் அணையவில்லை. கடைசி வரிகளை அதன் திரை வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். விளக்கை அணைத்துவிட்டார்கள்.