சிவப்பு விளக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் மூச்சு வாங்க வணங்கி எழுதுவது. இங்கே எல்லாரும் இருமலும் சுகமுமாக இருக்கிறோம். அங்கே நீங்கள் இருமாமல் சுகமா?

காற்றின் தரம் பார்க்க நீங்கள் அனுப்பிய கருவி வந்து சேர்ந்தது, வீட்டு நிம்மதி போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கால்பந்து இறுதி ஆட்டம். எனக்கு வீசிங் என்பதால் அணியில் என் பெயரே 'விசில்'. நடுவர் ஊதுமுன் என் நெஞ்சு ஊதிவிடும். ஆனாலும் கோல்கீப்பர் நான்தான், வேறு ஆளில்லை. அம்மாவோ கருவியை ஜன்னலில் மாட்டி, "பச்சை எரிஞ்சா போ, சிவப்பு எரிஞ்சா படு" என்று சட்டம் போட்டுவிட்டாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, காற்று அசையவே மாட்டேன் என்கிறது, லாரிப் புகையெல்லாம் எங்கள் தெருவிலேயே குடியேறிவிட்டது, இதில் பச்சைக்கு எங்கே போவது! சிவப்பைக் கண்டதும் அம்மா எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்கெல்லாம் ஈரத்துணி திணித்து, கருவியையும் பத்திரமாக உள்ளே கொண்டுவந்தாள். அப்பா கொசுவர்த்தி கொளுத்தினார். அம்மா மிளகாய் வறுத்தாள். கருவி சிவப்பையும் தாண்டி, அதைவிட மோசமான ஊதாவுக்குத் தாவி அலற ஆரம்பித்துவிட்டது.

"எல்லாத்தையும் அடைச்சும் எப்படி உள்ள வந்துச்சு இவ்ளோ புகை?" என்று அப்பா இருமிக்கொண்டே இன்னொரு ஈரத்துணி தேடுகிறார்!

"நீங்க கொளுத்தினதுதான்ப்பா!"

"வாயை மூடு, உள்ள போயிடும்!"

கடைசியில் மூவரும் கருவியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினோம். அங்கே வெறும் சிவப்பு. "அப்பாடா, நல்ல காத்து!" என்றாள் அம்மா. பிடித்தேன் பாருங்கள் ஒரு பிடி! "அம்மா, வீட்டைவிட வெளிய தேவலைன்னு கருவியே சொல்லுது. ஆடப் போனாத்தான் நான் பிழைப்பேன்."

அம்மா யோசித்தாள். "இன்ஹேலரை எடுத்துக்கோ. மூச்சு இழுத்தா, கோல் போனாலும் போகட்டும்னு வெளிய வந்துடணும்."

அத்தை, அனுமதி கிடைத்துவிட்டது! ஆடுவேன், தடுப்பேன், கோப்பையோடு வந்துதான் இருமுவேன்!

பெரியவர்களுக்கு வணக்கம், குட்டிகளுக்கு முத்தம், கருவிக்கு ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
வெற்றி மூச்சுடன்,
விசில்

பி.கு.: மேலே உள்ள சந்தோஷத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். மைதானத்தை ஒட்டிய குப்பைமேடு பற்றி எரிகிறது. ஆட்டம் ரத்து. அதைச் சொல்ல வந்த கோச், ஜென்மத்தில் இருமாத மனிதர், எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து இருமுகிறார். "விசில், தினமும் இந்த மூச்சை வச்சுக்கிட்டா நீ கோல் பிடிக்கிற?" என்று கேட்டார். எதற்கும் எகத்தாளமாகப் பதில் சொல்கிற நான், அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நல்ல பதிலாக ஒன்று உங்களுக்குத் தோன்றினால் உடனே கூரியரில் அனுப்பவும்.