பக்தியோடு பிடித்த விளக்கு

நடைமுறை தெரியாதவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். எல்லாம் தெரிந்த என்னைப் போன்றவர்களுக்குத்தான், எது எந்த நிமிடத்தில் கெடும் என்பதும் தெரிந்து தொலைக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரு பீன்யாவில் ஒரு பிசின் தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவுக்கு நான் தலைவன். (பிரிவு என்றால் நானும் என் உதவியாளர் ஆரோக்கியமும்.) முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து எபாக்ஸி என்னும் ஒட்டுப்பசை செய்துகொண்டிருந்தோம். வழக்கமான எபாக்ஸி இறுகினால் இறுகியதுதான். உடைத்துக் குப்பையில் போடவேண்டும். எங்களுடையது இரும்பாய்ப் பிடிக்கும். வேண்டாதபோது வெதுவெதுப்பான அமிலத்தில் கரைந்துவிடும். எம்.டி. நேரில் பார்க்க வருகிறார், பிடிக்காவிட்டால் பிரிவை மூடிவிடுவார் என்று பேச்சு.

கம்பெனிக் குத்துவிளக்கின் தண்டு முறிந்திருந்தது. எங்கள் பிசினால் ஒட்டினேன். எம்.டி. அதையே ஏற்றட்டும், பிறகு ஒட்டிய இடத்தைக் காட்டி அசத்தலாம் என்று திட்டம். அவர் வரும் நாள் காலை பார்த்தால் பித்தளை கறுத்துக் கிடந்தது.

"துணியால தொடச்சா போதும் சார்" என்றார் ஆரோக்கியம். கோலார் தங்கவயல்காரர், வீண் வேலை பிடிக்காது.

"அது முறையில்லை. புளி கரைச்ச வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறட்டும்."

"இன்னா சார், வெளக்கு வைக்கிறோமா, ரசம் வைக்கிறோமா?"

விளக்கு பளபளத்தது. எம்.டி. மெழுகுவர்த்தியோடு குனிந்தார். "மிதமான அமிலம் பட்டாலே போதும்..." என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மூக்கில் புளி வாசனை ஏறியது. வாக்கியம் அங்கேயே நின்றது. புளியும் அமிலம்தான்.

முதல் திரி எரிந்தது. தண்டு மெல்ல, எம்.டி.யின் பட்டுச் சட்டைப் பக்கமாகச் சாய்ந்தது. பாய்ந்து விளக்கின் கழுத்தைப் பிடித்தேன்.

"ஏன்ரீ, எதுக்குப் பிடிச்சிட்டிருக்கீங்க?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

"பக்தி சார்."

அவர் நிதானமாக மற்ற நான்கு திரிகளையும் ஏற்றினார். சூடான எண்ணெய் என் மணிக்கட்டில் வழிந்தது. பின்னாலிருந்து ஆரோக்கியம் முணுமுணுத்தார்: "சார், கீழ்ப்பாதி போவுது."

போனது. டணாரென்று. எரியும் மேல்பாதியோடு, ஆரத்தி காட்டும் பூசாரியைப் போல நான் நின்றேன்.

எம்.டி. கீழ்ப்பாதியை எடுத்து, முறிந்த இடத்தை விரலால் தேய்த்து, முகர்ந்தார். "புளியா?"

"ஆமாம் சார்."

"கரையும்ங்கிறது ப்ரூவ் ஆச்சு. ஒட்டும்ங்கிறதையும் ப்ரூவ் பண்ணுங்க. ஒரு வருஷம் டைம்."

பிரிவு பிழைத்தது. மணிக்கட்டில் தழும்பும் பிழைத்திருக்கிறது. இன்றும் வீட்டில் எதையாவது ஒட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், மருமகன் பவ்யமாகக் கேட்கிறான்: "மாமா, ரசத்தை இங்க வைக்கலாமா, இல்ல தூரமா வைக்கட்டுமா?"