கொசுவுக்குப் போட்ட புகை

‘தெரியாது’ என்று சொல்ல வாய் வராதவனை வழிகாட்டியாகப் போடக்கூடாது. என்னைப் போட்டார்கள். அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் நான் ஒருத்தன்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் கொசுவையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன்.

ஐம்பதுகளின் கடைசி. திருச்சியில் ஒரு காலேஜில் தாவரவியல் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தேன். தற்காலிகம்தான். (தண்டை மெல்லிசாகச் சீவி ஸ்லைடு போடுவது, பையன்கள் உடைத்த கண்ணாடிக்குத் திட்டு வாங்குவது, இந்த இரண்டும்தான் வேலை.) அப்பாவுக்குப் பாலக்கரையில் வாழைக்காய் மண்டி. நான் பாஸ் பண்ணியதும் மண்டியில் வந்து உட்காரச் சொன்னார். மாட்டேன் என்றேன். வாழையைப் பற்றிப் படித்தவன் வாழைத்தாரைத் தொட்டால் தீட்டா என்று கேட்டார். பேச்சு வளர்ந்துகொண்டே போய், ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன்.

“நீங்க இருக்கிற வரைக்கும் நான் அந்த மண்டிப் படி ஏற மாட்டேன்.”

அப்பா பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்து போனார். அதிலிருந்து ஆறு மாதம் எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஒரே கூடத்தில் இருந்துகொண்டு, அவனைச் சாப்பிடச் சொல்லு என்று அவரும், அவங்களுக்குக் கடுதாசி வந்திருக்கு என்று நானும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். சொன்ன அன்று ராத்திரியே அவர் படுத்திருந்த இடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை, ரோஷம். வேலை நிரந்தரமானால் அதைச் சொல்கிற சாக்கில் காலில் விழுந்துவிடலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் வங்காளத்திலிருந்து பதினோரு பேராசிரியர்கள் வந்தார்கள். தென்னாட்டுச் செடிகொடிகளைப் பார்த்துக்கொண்டே போகிற குழு. திருச்சிக்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிற தீவுதான் ஸ்ரீரங்கம். கோயிலை மறுநாள் பார்த்துக்கொள்கிறோம், முதலில் அந்தத் தீவின் தோப்பையும் வாய்க்காலையும் மணல் திட்டையும் காட்டுங்கள் என்றார்கள். அந்தப் பக்கம் யாருக்குத் தெரியும் என்று எங்கள் ஹெட் கேட்டார்.

“எனக்குத் தண்ணி பட்ட பாடு சார்” என்றேன்.

எனக்குத் தெரிந்த ஸ்ரீரங்கம், பஸ்ஸை விட்டு இறங்கி, பெருமாளைச் சேவித்து, அடுத்த பஸ்ஸில் திரும்புகிற ஸ்ரீரங்கம். ஹெட் என் தோளைத் தட்டி, வந்தவர்கள் திருப்தியாகப் போனால் உன்னை நிரந்தரம் பண்ண எழுதுகிறேன் என்றார். சரி, ஒரு தீவு, எந்தப் பக்கம் நடந்தாலும் ஆறுதானே வரும், என்ன பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி மாதம். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே ஆற்றைக் காணோம், பின்னால் மலைக்கோட்டையைக் காணோம். பனி அப்படி இறங்கியிருந்தது. ஸ்ரீரங்கத்து மேலூர் பக்கம் வாழைத்தோப்புக்குள் இறங்கியபோது பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியவில்லை. இலை நுனியிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் நாலு பக்கமும் கேட்டது. யாரோ பின்னாலேயே நடந்து வருகிற மாதிரி இருக்கும், திரும்பினால் வாழைதான் நிற்கும்.

விருந்தாளிகள் பதினோரு பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை. சேறாக இருக்கிறதென்று செருப்பைக் கழற்றிப் பையில் போடச் சொன்னேன். பேசினால் பறவைகள் ஓடிவிடும், வாய் திறக்காமல் ஒருத்தர் பின் ஒருத்தராக வாருங்கள் என்று இங்கிலீஷில் ஒரு சட்டமும் போட்டேன். மத்தியானத்துக்குப் புளியோதரை இரண்டு பெரிய தூக்கில் இருந்தது. அது ஆடாமல் இருக்க நடுவில் வைத்து ஜமக்காளத்தை நீளமாகச் சுருட்டி, இரண்டு மூங்கில் கழியில் வரிந்து கட்டியிருந்தோம். நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். போகிற வழியில் பறித்த அல்லியும் தாமரையும் வாடாமல் இருக்க அதன் மேலேயே பரப்பி, ஒருத்தர் தன் வெள்ளைச் சால்வையைப் போர்த்தினார்.

முதல் வாய்க்காலைத் தாண்டும்போது வழிகாட்டியாகிய நான் வழுக்கி உள்ளே விழுந்தேன். சட்டையைக் கழற்றிப் பிழிந்து பைக்குள் போட்டுவிட்டு, ஈர வேட்டியும் வெறும் உடம்புமாக நடந்தேன். அப்புறம் கொசு. தோப்புக் கொசு வங்காளத்துக் கொசுவைவிட மோசம் என்று தாடி வைத்த மூத்த பேராசிரியர் முறையிட்டார். அதற்கும் எனக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. ஒரு வீட்டு வாசலில் விற்பனைக்கு அடுக்கியிருந்த சட்டியில் ஒன்றை வாங்கி, தேங்காய் நாரும் வேப்பிலையும் போட்டுப் பற்றவைத்து, சுடாமல் இருக்கக் கயிற்றை உறி மாதிரி கட்டிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டேன். புகை நன்றாக வந்தது. கொசு விலகியது. தாடிப் பேராசிரியர் என்னைப் பாராட்டினார்.

ஈரத் துணியோடு, புகைகிற சட்டியோடு நான் முன்னால். பூப் போட்ட மூங்கிலைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் எனக்குப் பின்னால். மற்றவர்கள் தலைகுனிந்து, வாய் பேசாமல் கடைசியில். போகிற திசை கொள்ளிடக்கரை. உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை, சட்டியைப் பிடித்திருந்தவன் நான் அல்லவா.

ஒரு சின்னத் தெருவுக்குள் நுழைந்தோம். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள், பாதிக் கோலத்தோடு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டிலும் கதவு சாத்தினார்கள். நாங்கள் வர வர ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்தது. பெட்டிக்கடைக்காரர் பலகையை இறக்கினார். சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக நின்றார். கொள்ளிடத்துக்கு எந்தப் பக்கம் என்று ஒருத்தரைக் கேட்டேன். அவர் கையை மட்டும் நீட்டினார். எங்கள் பக்கத்தில் வழி கேட்டால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, காப்பி குடித்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். ஒரு மனுஷன் பேசாமல் கையை நீட்டியது எனக்கு என்னவோ போல இருந்தது.

எல்லோரும் ஏன் நமக்காக நிற்கிறார்கள் என்று தாடிப் பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். இந்த ஊரில் படிப்புக்கு மரியாதை அதிகம் என்றேன். (சொல்லும்போதே என் பல் தந்தியடித்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.)

தெருக்கோடியில் ஐம்பது வயதுக்காரர் ஒருத்தர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு என் எதிரில் வந்து நின்றார். எங்கேயோ பார்த்த முகம். என் முகத்தையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எப்படிங்க தம்பி ஆச்சு?”

“வாய்க்கால்ல வழுக்கிடுச்சுங்க. இப்ப, விடியக்காலைலதான்.”

அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு, பனிக்குள் ஓடி மறைந்தார். என் வேட்டி நனைந்ததற்கு இப்படி அழுகிற மனுஷன் இருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது, கூடவே உள்ளுக்குள் என்னவோ உதைத்தது.

தோப்பு முடிகிற இடத்தில் ஆட்களை எண்ணினேன். என்னோடு பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். பதினைந்து பேர் இருந்தார்கள். பனியில் தப்பாக எண்ணிவிட்டேன் போல என்று கொஞ்ச தூரம் போய் மறுபடி எண்ணினேன். பத்தொன்பது. கடைசியில் வருகிறவர்களுக்கு முகம் தெரியவில்லை, தலையில் துண்டு. நான் நின்றால் அவர்களும் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் தரம் எண்ணியபோது இருபத்தாறு.  இந்தத் தீவில் என்னவோ இருக்கிறது, அது எங்களுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டே வருகிறது என்று தோன்றியது. தெரிந்த சாமி பேரையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். பின்னால் அத்தனை காலும் வேகமாக வந்தது.

கொள்ளிடக்கரையில் மணல் தவிர ஒன்றும் தெரியவில்லை. அக்கரை கிடையாது, வானம் கிடையாது. தூரத்தில் ஒரு இடத்தில் மட்டும் கங்கு சிவப்பாக அடங்கிக்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து ஒல்லியான ஒரு ஆள் நீளக் கழியோடு வந்து என் முன்னால் நின்றார்.

“எரிக்கிறதா, பொதைக்கிறதா தம்பி?”

“எதைங்க?” என்றேன். 

அவர் என் பின்னால் நின்றவர்களைப் பார்த்து, பிள்ளைக்கு இன்னும் தெளியவில்லை என்றார். அதற்குள் பசி தாங்காத வங்காளத்துக்காரர்கள் மூங்கிலை இறக்கி, பூவை எடுத்து ஓரம் வைத்துவிட்டு, கட்டை அவிழ்த்தார்கள். முகம் பார்க்கக் கூட்டம் நெருங்கி வந்தது. ஜமக்காளம் உருண்டு விரிந்தது. உள்ளே இரண்டு தூக்கு. தாடிப் பேராசிரியர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

மூன்று பேர் அலறிக்கொண்டு ஓடினார்கள். மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். கழிக்காரர் தூக்கை எட்டிப் பார்த்துவிட்டு, சாவகாசமாக, அப்போ யாருக்குத் தம்பி இந்தக் கொள்ளிச் சட்டி என்று கேட்டார். நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். மூத்த பிள்ளை, ஈர வேட்டி, உறியில் நெருப்புச் சட்டி. அப்பனுக்குத்தான் இதைத் தூக்குவார்கள்.

திட்டினார்கள், சிரித்தார்கள், இரண்டு பேர் புளியோதரையும் சாப்பிட்டார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. உயிரோடு இருக்கிற அப்பாவுக்குச் சட்டி தூக்கிக் கொள்ளிடம் வரைக்கும் வந்திருக்கிறேன். ‘நீங்க இருக்கிற வரைக்கும்’ என்று சொன்ன வாய் வேறு. அன்று மத்தியானம் வரை மணல் திட்டில் கோரைப்புல்லைக் காட்டிக்கொண்டு நடந்தேன், மனசு பூராவும் அப்பா நன்றாக இருக்க வேண்டுமே, இருக்க வேண்டுமே என்று அடித்துக்கொண்டது.

விருந்தாளிகளை விட்டுவிட்டுப் பாலக்கரைக்கு வரும்போது மணி மூன்று. எங்கள் தெருமுனையில் நின்றவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி வழி விட்டார்கள். வீட்டு வாசலில் செருப்புக் குவியல். முசிறிச் சித்தப்பா வீட்டு ஆட்கள் முழுக்க வந்திருந்தார்கள். உள்ளே அம்மா அழுகிற சத்தம். சுவரோரம் பத்துப் பதினைந்து ரோஜா மாலை.

 கூடத்து நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்திருந்தார்கள். (எங்கள் ஆட்களில் உட்கார வைப்பதும் உண்டு.) ஆடவில்லை, அசையவில்லை, கண் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொன்னது பலித்துவிட்டது, நானே கொன்றுவிட்டேன் என்று நிலையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அந்த வாய் திறந்தது.

“ஏன்டா, எனக்குக் கொள்ளி போட்டுட்டியாமே?”

நான் போட்ட கூச்சலில் வாசலில் நின்றவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். அப்பா காலைக் கட்டிக்கொண்டு, இருக்கீங்களாப்பா, இருக்கீங்களாப்பா என்று அழுதேன். ஆறு மாதத்து அழுகை முழுக்க அதில் வந்தது.

நடந்தது இதுதான். தெருக்கோடியில் அழுதவர் நல்லுசாமி, எங்கள் மண்டிக்கு இருபது வருஷமாகத் தார் போடுகிறவர். கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து, முசிறிக்குத் தந்தி அடித்து, கண்டவரிடமெல்லாம் சேதி சொல்லி, மாலை வாங்கிக்கொண்டு, துண்டால் முகத்தை மூடியபடியே வந்து வாசலில் நின்ற அப்பாவையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். யார் போய்விட்டார்கள் என்று கேட்பது மரியாதையில்லை என்று அப்பாவும் கொஞ்ச நேரம் சேர்ந்து அழுதாராம். விஷயம் தெரிந்தபோது, அதற்கு ஒரே அர்த்தம்தான் எல்லோருக்கும் தோன்றியது. பேச்சில்லாமல் இருக்கிற பிள்ளை, ஆத்திரத்தில் அப்பனை உயிரோடு தலைமுழுகிவிட்டான். காலையிலிருந்து அப்பா பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை என்று அம்மா சொன்னாள்.

நான் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கடைசி வரை கேட்டார்.

“சட்டியில என்ன போட்டிருந்த?”

“தேங்கா நாருப்பா. வேப்பிலை. கொசுவுக்கு.”

 அப்பாவின் வயிறுதான் முதலில் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். அப்புறம் தோள்துண்டால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“சரி, நான்தான் போயிட்டேனே. இனிமேலாவது மண்டிக்கு வரலாமில்ல?”

மறுநாள் சாயங்காலமே படி ஏறினேன். வங்காளத்துப் பேராசிரியர்கள் ஊருக்குப் போய் எங்கள் ஹெட்டுக்கு எழுதினார்களாம், செடி பார்க்கப் போகிறவர்களை ஊரே எழுந்து நின்று வழியனுப்புகிற இடத்தை இந்தியாவில் வேறெங்கும் பார்த்ததில்லை என்று. வேலை நிரந்தரமாகிவிட்டது. பகலில் காலேஜ், சாயங்காலம் மண்டி என்று ஆனது.

அப்பா அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் இருந்தார். ஒவ்வொரு மார்கழியிலும் அந்தத் தேதியில் தன் திதியைத் தானே கொண்டாடினார். வடை, பாயசம், நல்லுசாமிக்குத் தலைவாழை இலை. செத்த பிறகு போடுகிற வடையை எவன் தின்னு பார்த்தான் என்பது அவர் கட்சி. நிஜமாகவே போனது ஒரு ஆடி மாதத்தில். அந்த நாளைக் காலண்டரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மார்கழித் திதி வீட்டில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இப்போதும் அன்றைக்குத்தான் வடை சுடுகிறோம். முதல் வடை நாற்காலிக்குப் போகும், நாங்கள் யாரும் அன்று அழுவது கிடையாது.