கரண்ட் நிற்கும் நாளில் பேஸ் பாவா

அறுபதுகளில் உலகத்தையே ஆட்டிவைத்த அந்த இங்கிலாந்து பேண்டைப் பற்றிக் கடைசித் தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்தப் பூமியில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் உண்டு. அவர் லண்டனில் இல்லை. திருத்தணியிலிருந்து பஸ் பிடித்தால் வருகிற அம்மையார்குப்பத்தில் விசைத்தறி மெக்கானிக்காக இருக்கிறார். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் ஸ்பேனர், கிரீஸ், மோட்டார், பேஸ். பேஸ் என்றால் பாட்டுக்கு அடியில் தும் தும் என்று தடித்த சத்தம் போடுகிற கிடார். இந்த நாலாவது வார்த்தைதான் அவரோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அத்தானைப் பாவா என்போம்; ஊருக்கு அவர் பேஸ் பாவா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பேண்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பாவா கோபித்துக்கொள்வார். "பேரு இன்னாத்துக்கு தம்பி? மலை மேல கீறவனுக்கு ஆயிரம் பேரு கீது. எல்லாத்தையும் தெரிஞ்சிகினா கும்புடறோம்? கேளு, போதும்" என்பார். அவருக்கு அவர்கள் "நாலு பேரு". பாடறவன், கிடாரு, பேஸு, ட்ரம்ஸு. அதற்கு மேல் ஜாதகம் கிடையாது.

இந்த நாலு பேரும் அவர் வாழ்க்கையில் நுழைந்ததே ஒரு திருக்கூத்து. கல்யாணமான புதிதில் திருத்தணி மலையடிவாரத்தில் முருகன் பக்திப் பாட்டு என்று ஒரு கேசட் வாங்கியிருக்கிறார். அட்டையில் வேல், மயில் எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில் போட்டால் உள்ளேயிருந்து இங்கிலீஷ்காரன் கத்துகிறான். வேறு யாராவது இருந்தால் கடைக்காரன் சட்டையைப் பிடித்திருப்பார்கள். பாவா இரண்டு பக்கத்தையும் கேட்டு முடித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். "அவன் மலையில வாங்கனது. அவனே மாத்திக் குடுத்தா நான் திருப்பிக் குடுக்கறதா?" என்றார். அந்தக் கேசட்டுக்கு இன்றைக்கும் கிருத்திகைக்குக் கிருத்திகை குங்குமம் உண்டு.

நான் திருத்தணிக்காரன். தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் ஆபீஸ் வேலை, ஒழிந்த நேரத்தில் பத்திரிகைக்கு எழுத்து. பாவாவிடம் என்னை இழுத்துக்கொண்டு போனவர் பத்திரம் முனிரத்தினம். பத்திர எழுத்தர், பேச்சே பத்திர பாஷைதான். "மேற்படி பாட்டின் இரண்டாவது சரணத்தில் மேற்படி கிடார்காரர் சகல உரிமையோடும்" என்று ஆரம்பித்துவிடுவார். கிடார் என்றால் உயிர். அந்த வட்டாரத்திலேயே இங்கிலீஷ் பாட்டு கேட்கிற இரண்டே பேர் ஒருவரை ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டு, பிடித்த நாளிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவராக ஒரு ஆள் தேவைப்பட்டது. மாட்டிக்கொண்டேன்.

அம்மையார்குப்பத்தில் பாட்டு கேட்பது லேசில்லை. விடிந்தால் தறிச்சத்தம். தெருவுக்குத் தெரு தடக்கு தடக்கு என்று, இரும்புக்கடையைத் தூக்கி நம் தலையில் கொட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு ஊரே பொத்தென்று அடங்கிவிடும். காக்கா கத்துவது கேட்கும். மற்ற ஊர்களில் கரண்ட் போனால் திட்டுவார்கள். நாங்கள் அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக் காத்திருப்போம். ஆபீசுக்கு லீவு, பத்திரத்தின் ஆபீசுக்குப் பூட்டு. பாவாவின் தறிக்கொட்டகையில், அவரே பழைய பேட்டரியை வைத்துக் கட்டிய சவுண்ட் பாக்ஸ் முன்னால் சபை கூடும். அவர் மனைவி அமுலு அக்கா ஒரு குண்டான் நிறைய டீ போட்டு வைத்துவிட்டு, "அடிச்சிக்காம பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அடித்துக்கொள்ளாத நாளே கிடையாது.

"தறி ஓடணும்னா அடியில மோட்டாரு ஓடணும். பேஸுதான்யா மோட்டாரு. கிடாரு இன்னா? மேல வர்ற ஜரிகை. ஜரிகை இல்லாம வேட்டி கட்டலாம். நூலு இல்லாம கட்டிகினு தெருவுல போயேன் பாப்போம்" என்பார் பாவா.

"ஏன்யா, உன் பொண்ணு கல்யாணத்துக்கு ஜரிகை இல்லாத பொடவையா எடுத்த? கட்டன் ரைட்டா ரெண்டு பக்கமும் ஜரிகை வெச்சி எடுத்த ஆளு பேசற பேச்சாய்யா இது?" என்று எகிறுவார் பத்திரம்.

"மூஞ்சிய பாத்து பேசு! செவுத்த பாத்துகினு பேசாத!"

இந்த "மூஞ்சிய பாத்து பேசு" பாவாவின் போர் முழக்கம். எதிரே வந்து நின்று, நம் முகத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார். என்ன தைரியம், என்ன நேர்மை என்று நான் வியந்திருக்கிறேன். மடையன் நான்.

ஆரம்பத்தில் பாவா இப்படி இல்லை என்று பத்திரம் சொல்வார். நாலு பேரையும் சமமாகத்தான் வைத்திருந்தாராம். பிறகு ஒவ்வொருவராகப் பதவி இறக்கம் நடந்தது. முதலில் ட்ரம்ஸ்காரன் அடிக்கிற பித்தளைத் தட்டு போயிற்று. "தட்டு தேவையில்ல. அவனே வுட்டுட்டான், கவனிச்சியா?" சில வருஷம் கழித்து, கூடவே உச்சத்தில் சேர்ந்து பாடுகிற குரல். அதற்கும் பிறகு கிடார். "யோவ், கேசட்ல கீற பாட்டு எப்டிய்யா வருஷா வருஷம் மாறும்?" என்று பத்திரம் தலையில் அடித்துக்கொண்டார். பாவா அசரவில்லை. "பாட்டு மாறல. நான் பழுத்துட்டேன். மேல கீறது எல்லாம் உதுந்துபோச்சி. இப்போ எனக்கு சாரம் மட்டும்தான் கேக்குது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எப்பேர்ப்பட்ட வார்த்தை! ஓடி வந்து "உதிர்வதே இசை" என்று ஒரு கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வந்தது. தத்துவம் புரிந்து கண் கலங்கியதாக வாசகர்கள் எழுதினார்கள். அந்தக் கட்டுரையை யாராவது வைத்திருந்தால் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள்.

திருத்தணியில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேரும் போயிருந்தோம். முகூர்த்த நேரம். நாயனக்காரர் கன்னம் இரண்டும் பூசணிக்காயாக உப்ப, மண்டபத்து ஓடு பறக்கிற மாதிரி ஊதினார். முன்வரிசைக் கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே குரலில் அழுதன. பாவா மேடைக்கு அருகில் போய்க் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஊதி முடித்ததும் நாயனக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்ளோ அடக்கம்! வாசிக்கறதே தெர்ல! தவுலுக்கு எடம் வுட்டுட்டு ஒதுங்கி நிக்கறீங்க பாருங்க, இதுதான் பெரிய மனுஷத்தனம்" என்றார். நாயனக்காரர் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். அடக்கமாக வாசித்தார் என்று முப்பது வருஷத்தில் அவரை யாருமே சொன்னதில்லை போலிருக்கிறது.

இதை எல்லாம் பார்த்தும் எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி வரவில்லை. காரணம் இருக்கிறது. தறி ஓடுகிற ஊரில் யாரும் யார் பேசுவதையும் காதால் கேட்பதில்லை. அந்தச் சத்தத்தில் கேட்கவே முடியாது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். குடும்பச் சண்டை, கல்யாணப் பேச்சு, ஊர் வம்பு, எல்லாம் உதட்டில்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குக் காது போனால் எப்படித் தெரியும்?

போன வருஷம் ஒரு கரண்ட் நிற்கும் நாளில் தெரிந்தது. பத்திரம் அன்று பாவாவை மடக்கத் திட்டத்தோடு வந்திருந்தார். அந்தப் பேண்டின் பாட்டு ஒன்றில், மற்ற மூன்று பேரும் கை கட்டி நிற்க, கிடார் மட்டும் தனியாக உச்சத்தில் ஏறி வாசிக்கும் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் போனில் தயாராக வைத்துக்கொண்டு, சவுண்ட் பாக்ஸில் தடித்த சத்தத்துக்கான குமிழைச் சுத்தமாக அணைத்துவிட்டார். "இப்போ கேளு. உன் மோட்டாரு இல்லாம ஜரிகை எப்டி நிக்குதுன்னு பாரு" என்று போட்டார்.

கிடார் கொட்டகையை நிறைத்தது. பாவா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிஷம் போயிற்று.

"போடுய்யா. இன்னாத்துக்கு நிறுத்தி வெச்சிகினு கீற?" என்றார்.

பத்திரம் சிரித்தார். கிண்டல் என்று நினைத்துவிட்டார். "ஆங், அப்டியே கேக்காத மாறி நடி."

"அட போடுய்யான்றேன்!"

கிடார் அழுதுகொண்டிருந்தது. பத்திரத்தின் சிரிப்பு மெதுவாக நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பாவா எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் படிப்பதில்தான் அவர் கெட்டிக்காரராயிற்றே. எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அமுலு அக்காதான் வெளியே வந்தார். "தடிச்ச சத்தம் மட்டும்தான் கேக்கும், குக்கர் விசிலே கேக்கறதில்ல. அப்பறம் கிடாரு எங்க கேக்கும்? நாப்பது வருஷம் தறிக்குள்ளயே தலைய வுட்டுகினு இருந்தாரு இல்ல, நரம்பு போச்சின்னுட்டாங்க ஆஸ்பத்திரியில. காதுக்கு மெஷினு குடுத்தாங்க. அதுல பேச்சு கேக்குதாம், பாட்டு தகரத்துல ஆணி தட்டற மாறி கேக்குதாம். கழட்டி டப்பாவுல போட்டுட்டாரு" என்றார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாக்கா?"

"எப்டி சொல்லுவாரு? செவுடன்கிட்ட எவன் வந்து பாட்டு பேசுவான்னு பயம். உங்க ரெண்டு பேர வுட்டா அவருக்கு இதப் பேச யாரு கீறாங்க? இந்த ஒரு நாளுக்குத்தான் மாசம் பூரா உசுர வெச்சிகினு கெடக்கறாரு."

அடுத்த மாதம் கொட்டகைக்குப் பூட்டு. அதற்கடுத்த மாதமும் பூட்டு. "மெக்கானிக் ஊர்ல இல்ல" என்று சொல்லி அனுப்பினார். உள்ளே இருந்துகொண்டேதான் சொல்லி அனுப்பினார்; செருப்பு வாசலில் கிடந்தது. பத்திரம் பாதி ஆகிவிட்டார். ஒரு கிரயப் பத்திரத்தில் கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதி, சாட்சி போட வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று கேள்வி. "நான் பாவிய்யா. வாதத்துல ஜெயிக்கணும்னு போயி, வாதம் பண்ற ஆளையே தொலைச்சிட்டேன்" என்று ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதே விட்டார். எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. பாவா இல்லாமல் அந்தப் பாட்டுகளைப் போட்டால் வெறும் இங்கிலீஷ் பாட்டாகத்தான் இருந்தது.

மூன்றாவது மாதம் கரண்ட் நிற்கும் நாளில் பத்திரம் என்னையும் இழுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குள்ளேயே போய்விட்டார். பாவா எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். பத்திரம் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"மூஞ்சிய பாத்துதான் பேசறேன். கேட்டுக்கோ. ஒருத்தன் ஒரு நெலத்த வருஷக்கணக்கா எந்தத் தடையும் இல்லாம ஆண்டு அனுபவிச்சிகினு வந்தா, அது அவன் சொத்து. நடுவுல வேலி விழுந்துட்டா நெலம் போயிடுமா?"

"இன்னாய்யா ஒளர்ற?"

"காது வேலி. பாட்டு நெலம். வேலிதான் போச்சி. நெலம் உன்னுதுதான், எவன் வந்து கேப்பான்? நான் கேக்க மாட்டேன். வா, சண்ட போடலாம்."

பாவா தரையைப் பார்த்துக்கொண்டே, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அந்த கிடாரு. உச்சத்துல போவும் பாரு. அது கேட்டு பல வருஷம் ஆச்சிய்யா. எனக்கும் அது புடிக்கும்" என்றார்.

பத்திரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாயாலேயே கிடார் வாசிக்க ஆரம்பித்தார். டியாங், டியய்யாங், டிங்கிரி டிய்ங் என்று, ஒவ்வொரு சத்தத்துக்கும் உதட்டைக் குவித்தும் இழுத்தும் பல்லைக் காட்டியும் வாசித்தார். பத்திரத்துக்குச் சாரீரம் என்பதே கிடையாது. கொல்லைப்புறத்து ஆடு எழுந்து நின்றுவிட்டது. அமுலு அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது. பக்கத்துத் தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, சத்தம் சுவர் வழியாக வந்து எங்கள் மேல் விழுந்தது. பத்திரத்தின் கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. பாவா அந்த உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் விரல் தொடையில் தாளம் போட்டது. தலை ஆடியது. கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. திடீரென்று கையை உயர்த்தி, அத்தனை தறிக்கும் மேலே கத்தினார்.

"யோவ் பத்திரம்! மூணாவது எடத்துல ஒரு சுத்து வுட்டுட்ட! மொதல்லர்ந்து போடு!"

பத்திரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு ஆறு மணி பஸ் போயிற்று, அடுத்ததும் போயிற்று. போகட்டும். இந்த மனுஷனைவிட நன்றாகப் பாட்டு கேட்கிறவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.